பேய்ப் படம் எடுக்கிறோம்: இருக்கிற கொஞ்சப் பணத்தை எதில் போடுவது?

கருந்திரை:

வணக்கம். எங்கள் முதல் முழுநீளப் பேய்ப் படத்தின் திரைக்கதை முடிந்துவிட்டது. தயாரிப்பாளர் என்று யாரும் இல்லை, நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம்தான்.

கதை இதுதான். அம்மா இறந்த பிறகு அண்ணனும் தங்கையும் அவள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். நாளுக்கு ஓர் அறை. காலி செய்த அறையில் அன்று இரவே யாரோ நடமாடும் சத்தம் கேட்கிறது. சாமான் குறையக் குறைய அம்மா அந்த வீட்டில் இன்னும் நன்றாக இடம் பிடித்துக்கொள்கிறாள். நான்கு நடிகர்கள், ஒரே வீடு, முக்கால்வாசி இரவுக் காட்சிகள்.

ஒளிப்பதிவு செய்யும் நண்பர் நல்ல சினிமா கேமராவும் லென்ஸ் செட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்கிறார். எனக்கு அம்மாவின் உருவத்துக்கான மேக்கப்பில் பணத்தைப் போட ஆசை. கடைசிப் பகுதியில் அவள் முகம் தெரிகிறது, அது சொதப்பினால் படமே போச்சு. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. ஒலிக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கவில்லை, கேமரா மைக்கில் பதிந்துகொண்டு அப்புறம் டப்பிங் செய்துவிடலாம் என்பது திட்டம். கேமராவா, மேக்கப்பா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை:

நான் படம் எடுப்பவன் இல்லை, பார்ப்பவன். சின்னப் பணத்தில் எடுத்த பேய்ப் படம் எங்கே கிடைத்தாலும் தேடிப் பார்ப்பவன். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்: கேமரா எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

1968-ல் வெளிவந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தை இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் எடுத்தபோது கையில் இருந்தது சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளை. 'ஈவில் டெட்' 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து 35-க்குப் பெரிதாக்கியது. 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தில் பாதி, வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்கும் வீடியோ கேமராவில் எடுத்தது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது படம் தெளிவாக இல்லையே என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. தெளிவில்லாத மூலையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதில்தான் எனக்குப் பயமே பிடிக்கிறது.

2022-ல் வந்த 'ஸ்கினமரிங்க்' 15,000 டாலரில், இயக்குநர் சிறுவயதில் வளர்ந்த வீட்டிலேயே எடுத்தது. டிஜிட்டலில் எடுத்துவிட்டு, பழைய ஃபிலிம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும்படி பிறகு மாற்றினார்கள். நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு முகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனிதர்களின் முகத்தையே சரியாகக் காட்டாமல், சுவரையும் கதவையும் கூரையையும் காட்டி ஒரு முழுப் படம். பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த மாதிரிப் பிடிவாதம் பிடிக்கும். பெரிய கம்பெனி எதுவும் அதைச் செய்ய விட்டிருக்காது.

ஒலிப்பெட்டி:

கருந்திரை, மேலே உள்ள கேள்வியை நான் மாற்றிக் கேட்கப் போகிறேன். நீங்கள் 'ஒதுக்கவில்லை' என்று ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில்தான் உங்கள் படம் இருக்கிறது.

உங்கள் கதையை நீங்களே ஒருமுறை காதால் படித்துப் பாருங்கள். சாமான் நிறைந்த வீடு, ஒவ்வோர் அறையாகக் காலியாகிறது. மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய பீரோ எல்லாம் போகப் போக அறையின் சத்தமே மாறும். நிறைந்த அறையில் பேச்சு சட்டென்று அடங்கிவிடும். காலி அறையில் அதே வாக்கியம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் படபடவென்று ஓர் அதிர்வு கேட்கும். ஆக, கதை நகர நகர அந்த வீடு பதில் பேச ஆரம்பிக்கிறது! இதற்காக நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கதைக்குள்ளேயே இருக்கிறது. கேமரா மைக்கில் பதிந்து, ஸ்டூடியோவில் டப் செய்து, எல்லா அறைக்கும் ஒரே எதிரொலியைப் பூசினால் அது மொத்தமும் போய்விடும்.

இதை முதலில் அளந்தவர் வாலஸ் சேபின் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1895 வாக்கில் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கம் கட்டினார்கள். உள்ளே பேசினால் ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி பிடித்தது. பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். சேபின் என்ன செய்தார் தெரியுமா? ஊர் அடங்கிய பிறகு வேறொரு அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, கையில் ஸ்டாப் வாட்ச்சோடு ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் ஒலி நிற்கும், உறிஞ்சும் பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற கணக்கு அப்படி வந்ததுதான். உங்கள் அண்ணனும் தங்கையும் அதே பரிசோதனையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது நீண்ட கம்பில் மாட்டிப் பிடிக்கும் நல்ல பூம் மைக், ஒரு ரெக்கார்டர், அதைப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள். இந்த ஆளுக்குத்தான் பணம். நடிகரின் சட்டைக்குள் வைக்கும் சின்ன மைக் காப்புக்காக இருக்கட்டும். ஆனால் அது அறையின் ஒலியைக் குறைவாகத்தான் எடுக்கும், துணி உரசும் சத்தமும் சேரும். ஒவ்வோர் அறையிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு நிமிட வெறும் அறைச் சத்தம் பதியுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள். அணைத்ததை மறந்து போய்விடக் கூடாது என்று வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவைக்கும் பழக்கம் ஒலிக்காரர்கள் பலரிடம் உண்டு.

இன்னொன்று. இயக்குநர் ஜான் கார்பென்டர் தன் 'ஹாலோவீன்' படத்தை இசை சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அவர் கொஞ்சமும் பயப்படவில்லை. அதன் பிறகு ஐந்து தாளக்கட்டில் அந்த பியானோ மெட்டைச் சேர்த்தார். அதுவரை சும்மா நடந்துகொண்டிருந்த முகமூடி ஆள், அந்த மெட்டு வந்ததும் ஊரையே பயமுறுத்தினான்.

நீள்நிழல்:

ஒளிப்பதிவு என் தொழில். ஒலிப்பெட்டி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்றாம்வரிசை சொன்னதை அப்படியே விட்டால் கருந்திரை தவறாகப் புரிந்துகொள்வார்.

கேமரா முக்கியமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சம் முக்கியம். புதியவர்கள் எடுக்கும் இரவுக் காட்சிகளில் மிகவும் அடிக்கடி நான் பார்க்கும் கோளாறு: 'இருட்டு வேண்டும்' என்று விளக்கையே போடாமல் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிவிடுகிறார்கள். கிடைப்பது இருட்டு இல்லை, சாம்பல் நிறத்தில் புழு நெளிவதுபோல் ஓர் இரைச்சல். இருட்டாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபிரேமுக்குள் எங்கோ ஒரு வெளிச்சம் வேண்டும். ஒரு மேசை விளக்கு, பாதி திறந்த கதவு, முகத்தின் ஒரு பக்கம். அப்போதுதான் மீதி கறுப்பாகத் தெரியும். 'ஸ்கினமரிங்க்' அப்படித்தான், டி.வி. வெளிச்சத்தை வைத்தே பல காட்சிகள். அந்தப் புள்ளிகளைத் தெரிந்து, அளவு பார்த்துச் சேர்த்தார்கள். கேமரா தானாகத் தந்த குப்பை இல்லை.

உங்கள் நண்பரிடம் கேமராவில் மிச்சம் பிடித்து, மங்கலாக்கும் வசதியுள்ள சில விளக்குகள், ஜன்னலை மூட அடர்ந்த கறுப்புத் துணி, ஒரு நல்ல லென்ஸ் வாங்கச் சொல்லுங்கள். ஜன்னலை மூடிவிட்டால் பகலிலேயே இரவுக் காட்சி எடுக்கலாம். நடிகர்கள் தூங்க முடியும், அதுவே பெரிய லாபம். மலிவான எல்.ஈ.டி. விளக்கைக் குறைத்து வைத்தால் படத்தில் துடிக்கும். உங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60-ஆ என்று பார்த்து அதற்கு ஏற்ப ஷட்டரை வைத்து முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். அப்புறம், இணையத்தில் வெளியிடும்போது இருட்டான பகுதிகள்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். ஒரு நிமிடக் காட்சியை இப்போதே எடுத்து, ஏற்றி, போனில் பாருங்கள்.

பணமில்லாமல் வெளிச்சத்தால் பயமுறுத்தியதற்கு எனக்குப் பிடித்த பாடம் 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்'. அது ஸ்டூடியோ படம்தான், ஆனால் மிகச் சின்னப் பட்ஜெட் பிரிவில் எடுத்தது. நீச்சல் குளக் காட்சியில் ஒரு பெண் தண்ணீருக்குள், சுற்றிலும் சுவரில் நெளியும் நீரின் ஒளி, நகரும் ஒரு நிழல், எதிரொலிக்கும் உறுமல். ஒலிப்பெட்டிக்கு அந்த எதிரொலி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஒலிப்பெட்டி:

பிடிக்குமாவா! ஓடு பதித்த குளத்தில் அந்த அலறல் திரும்பி வருவதை இன்னும் பாடமாகத்தான் கேட்கிறேன்.

பொய்த்தோல்:

இருபக்கமும் என் வேலையை ஓரம் கட்டிவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'காட்டாமல் விட்டால்தான் பயம்' என்று பேய்ப் படம் பற்றிய எல்லா உரையாடலிலும் யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. காட்டவே கூடாது என்று முடிவெடுத்து எழுதிய படத்துக்கு அது சரி. பணமில்லை என்பதால் கடைசி நிமிடத்தில் மறைத்த படத்தில் அந்த ஓட்டை தெரியும். பார்ப்பவர் ஏமாந்துபோவார். கருந்திரை, உங்கள் கதையில் அம்மா முகம் தெரிய வேண்டும் என்றால் தெரியட்டும். ஆனால் அந்த முகத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்று நினைக்கிறீர்கள்?

1962-ல் ஹெர்க் ஹார்வி 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' எடுத்தார். தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர். சுமார் 33,000 டாலர், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கேளிக்கை மண்டபம், பின்னணியில் ஆர்கன் இசை. பேயாக வந்தவர் அவரேதான். முகத்தில் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. அவ்வளவுதான் மேக்கப். கார் ஜன்னலில் அந்த முகம் தெரியும் இடம் இன்றைக்கும் வேலை செய்கிறது. ஏனென்றால் அது வரக் கூடாத இடத்தில், வரக் கூடாத நேரத்தில், அமைதியாக வந்து நிற்கிறது.

உங்கள் அம்மாவுக்கு அழுகிய தோலும் தொங்கும் தாடையும் வேண்டாம். அவள் அந்த வீட்டில் வாழ்ந்தவள். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். அதில் ஒரே ஒரு விஷயம் மாறியிருக்கட்டும். கண் இமைக்காமல் இருப்பது, உதடு வறண்டு தோலோடு ஒட்டிப்போனது, இப்படி ஏதாவது. மெல்லிய லேட்டக்ஸும் (திரவ ரப்பர்) டிஷ்யூ தாளும் வைத்துத் தோலைச் சுருக்குவது பழைய முறை. தெரிந்தவர் செய்தால் அருகில் வைத்து எடுத்தாலும் தாங்கும். நடிகைக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று ஒரு நாள் முன்பே கையில் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை இருந்தால் சிலிக்கானுக்கு மாறுங்கள். எந்த மேக்கப்பையும் படப்பிடிப்பு வெளிச்சத்தில், அதே கேமராவில் சோதிக்காமல் சரி என்று சொல்லாதீர்கள். நீள்நிழலின் ஒரு மேசை விளக்கு என் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

ரத்தம் வேண்டுமென்றால் சோள சிரப்பும் உணவு நிறமும். வாய்க்குள் போகும் ரத்தத்தில் வேறு எதையும் கலக்காதீர்கள். மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற ரத்தக் கலவையில் ஃபிலிம் கழுவும் திரவம் ஒன்று சேரும், அது துணியில் அழகாகப் பரவும், ஆனால் வாய்க்கு ஆகாது. இது தெரியாமல் பலர் இணையத்தில் அந்தச் செய்முறையை அப்படியே பகிர்கிறார்கள். நிறம் சுவரிலும் தோலிலும் பிடித்துக்கொள்ளும். வீடு இரவல் என்றால் முதலில் ஒரு மூலையில் பூசிக் கழுவிப் பாருங்கள்.

கடைசியாக, நடிகர்களின் உடம்பு. 'ஈவில் டெட்' படத்தில் பேய் பிடித்தவர்கள் போட்ட கண் லென்ஸ் அவ்வளவு கனம், தொடர்ந்து கால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க முடியாது. 'டெக்சஸ் செயின் சா மாசக்கர்' 1973 கோடையில் எடுத்தது. தாத்தா வேடம் போட்டவர் ஓர் இளைஞர், அந்த மேக்கப்பை மறுபடி போட மாட்டேன் என்றார் என்பதற்காக, சாப்பாட்டு மேசைக் காட்சியை ஒரே மூச்சில் ஒரு நாளுக்கும் மேலாக எடுத்தார்கள். ஜன்னலெல்லாம் மூடியிருக்கிறது, வெளியே கொளுத்தும் வெயில், மேசையில் அழுகும் இறைச்சி. போலிக் கத்தியின் ரத்தக் குழாய் வேலை செய்யாததால் கதாநாயகியின் விரலை நிஜமாகவே கீறினார்கள். அந்தப் படத்தை நான் எவ்வளவு நேசித்தாலும் அந்த விரலை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லித் திரியும் ஆட்களோடு நான் வேலை செய்வதில்லை.

மூன்றாம்வரிசை:

அக்கா, 'பாதி உண்மை' என்பதை ஏற்க மாட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்த படங்கள் எல்லாமே எதையும் முழுதாகக் காட்டாதவை. 'பிளேர் விட்ச்' முடியும்போது ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான் காட்டினார்கள். அங்கே ஒரு கிழவி வந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொய்த்தோல்:

அவன் அப்படி நிற்பதைக் காட்டினார்கள் இல்லையா? குழந்தைகளை அப்படி நிற்கவைத்த கதை முன்பே சொல்லப்பட்டிருக்கிறது, அதனால் அந்த முதுகைப் பார்த்ததும் உங்களுக்கு உடம்பு உறைகிறது. காட்டியதுதான் உங்களைப் பயமுறுத்தியது. நானும் அதைத்தான் சொல்கிறேன்: எதைக் காட்டுவது என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்பே பார்ப்பவர் மனதில் விதை போட்டுவிடுங்கள்.

மூன்றாம்வரிசை:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

மழைக்காலம்:

ஒரு கேள்வி. இவ்வளவு சிரமத்துக்கு, இதை ஃபவுண்ட் ஃபுட்டேஜாக, அதாவது கதாபாத்திரமே பதிவு செய்து பிறகு கிடைத்த வீடியோ மாதிரி, எடுத்துவிட்டால் என்ன? தங்கை போனில் எல்லாவற்றையும் பதிவு செய்கிறாள் என்று வைத்துக்கொண்டால் கேமரா, விளக்கு, மேக்கப் எல்லாச் செலவும் மிச்சம்தானே?

வெட்டும்மேசை:

எடிட்டர் பேசுகிறேன். மிச்சமாகாது, செலவு வேறு இடத்துக்குப் போகும். ஆபத்தில் ஓடும் ஒருத்தி ஏன் இன்னும் பதிவு செய்கிறாள் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காட்சியிலும் பதில் எழுத வேண்டும். அதோடு, கட் செய்ய இடம் கிடைக்காது. நடிப்பு முழுதாக ஒரே ஓட்டத்தில் சரியாக வர வேண்டும். 'ஒன் கட் ஆஃப் த டெட்' தொடக்கத்தில் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடுகிறது. 30 லட்சம் யென்னில் எடுத்த படம், ஆனால் அதற்குள் இருக்கும் ஒத்திகை உழைப்பைப் பணத்தில் எழுத முடியாது.

கருந்திரையின் கதைக்கு இன்னொரு வழி பொருந்தும் என்று தோன்றுகிறது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' 2006-ல் இயக்குநரின் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்தது. அதில் எனக்குப் பிடித்தது தாங்கியில் அசையாமல் நிற்கும் அந்தப் படுக்கையறை ஷாட். ஒன்றுமே நடக்காது. ஆனால் அதே கோணம் மறுபடி மறுபடி வரும்போது நம் கண் கதவையும் போர்வையையும் தானாகத் தேட ஆரம்பித்துவிடும். உங்கள் படத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிலையான கோணம் வையுங்கள். சாமானோடு ஒருமுறை, பாதி காலியாக ஒருமுறை, முழுக் காலியாக ஒருமுறை. மூன்றாவது முறை அந்தக் கோணம் வரும்போது பார்ப்பவர் எங்கே பார்ப்பார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அம்மாவை அங்கே வைக்காதீர்கள்.

திடுக்கிட வைக்கும் வெட்டுகள் பற்றி: நீள்நிழல் சொன்ன 'கேட் பீப்பிள்' படத்திலேயே அதன் தாய் இருக்கிறது. ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், திடீரென்று நின்றுபோகிறது. அவள் ஓடுகிறாள். உறுமல் மாதிரி ஒரு சீறல்... பார்த்தால் பேருந்து வந்து நிற்கிறது. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரைச் சேர்த்து அந்த உத்தியை இன்றும் 'லூட்டன் பஸ்' என்றுதான் எடிட்டர்கள் சொல்கிறோம். அது வேலை செய்வது பேருந்தால் இல்லை, அதற்கு முன்னால் காலடி நின்றுபோன அமைதியால். அந்த அமைதியைத் தாங்கும் அளவுக்கு நீளமாக ஷாட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுங்கள். 'கட்' சொன்ன பிறகும் கேமராவை ஓடவிடுங்கள். சின்னப் படங்களை வெட்டும்போது எனக்கு எப்போதும் கிடைக்காமல் போவது இதுதான்: இன்னும் கொஞ்ச நேரம்.

கணக்குப்புத்தகம்:

பணம் பற்றிய கேள்வியில் யாரும் பணத்தின் இன்னொரு முனையைப் பேசவில்லை. படம் ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள்?

'நைட் ஆஃப் த லிவிங் டெட்' முதலில் வேறு தலைப்பில் இருந்தது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பழைய தலைப்பு அட்டையோடு காப்புரிமைக் குறிப்பும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமை இல்லை. படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போட்டுக் காசு பார்த்தார்கள், எடுத்தவர்களைத் தவிர.

'பிளேர் விட்ச்' கதை இன்னும் அருகில் இருக்கிறது. 1997 அக்டோபரில் எட்டு நாள் காட்டுக்குள் படப்பிடிப்பு. மூன்று நடிகர்களே கேமராவைப் பிடித்தார்கள், வசனமும் பெரும்பாலும் அவர்களுடையது. சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்தார்கள். நடிப்பை நிறுத்த ஒரு குறிச்சொல் வைத்திருந்தார்கள் என்பதாவது நல்லது, அதை நீங்களும் வையுங்கள். படத்தில் அவர்களுடைய சொந்தப் பெயர்களே. அவர்கள் நிஜமாகவே காணாமல்போனதாக விளம்பரம் செய்ததால் கதாநாயகியின் தாய்க்கு இரங்கல் அட்டைகள் வந்தன. படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2024-ல்கூட அந்த மூவரும் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வெளிப்படையாகப் பேச வேண்டியிருந்தது.

ஆகவே, முதல் ஷாட்டுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். பணம் போட்ட நண்பர்களுக்கு எத்தனை சதவீதம், சம்பளம் வாங்காமல் வேலை செய்பவருக்கு எத்தனை, யார் பெயர் எந்த வரியில் வரும், வீட்டுக்காரரின் எழுத்து மூலமான அனுமதி, இசையின் உரிமை. படம் எடுப்பதற்கு முன் இதைப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். பணம் வந்த பிறகு பேச ஆரம்பித்தால் நட்பே மிஞ்சாது. ஒலிக்காரரைப் பிடிப்பதாக முடிவு செய்தால் அவருக்கு ரொக்கமாகக் கொடுங்கள். 'படம் வெளிவந்தால் உனக்குப் பெயர் கிடைக்கும்' என்று சொல்லி யாரையும் அழைக்காதீர்கள்.

நீள்நிழல்:

கணக்குப்புத்தகம் சொன்னதற்கு என் முழு ஆதரவு. அந்த 'பெயர் கிடைக்கும்' வாக்கியத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

கருந்திரை:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று குழுவாக உட்கார்ந்து எல்லாப் பதிவையும் சத்தமாகப் படித்தோம்.

முடிவுகள்: எங்களிடம் இருக்கும் கேமராவிலேயே எடுக்கிறோம். ஒளிப்பதிவாளர் நண்பர் முதலில் முகம் சுளித்தார், நீள்நிழலின் பதிவைப் படித்ததும் விளக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். பெரிய தொகை ஒலிக்குப் போகிறது. படப்பிடிப்பு முழுக்க உடன் இருக்கும் ஒலிப்பதிவாளர் ஒருவர், கடைசியில் மிக்ஸிங். அம்மாவின் முகத்தை அக்கா சொன்னபடி எளிமையாக்குகிறோம். இமைக்காத கண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதற்கான விதை மூன்றாவது காட்சியிலேயே போட்டாயிற்று: அண்ணன் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்து, அம்மா எந்தப் படத்திலும் கண்ணை மூடித்தான் இருப்பாள் என்று சொல்கிறான். நடிகை மெல்லிய சாதாரண லென்ஸ்கூடப் போட வேண்டியதில்லை, இமைக்காமல் இருக்கப் பழகுகிறார். ஒப்பந்தத் தாள்களைத் தங்கையாக நடிப்பவரே எழுதுகிறார், அவர் சட்டம் படித்தவர்.

ஒரே ஒரு சந்தேகம். எதிரொலி மாற வேண்டும் என்றால் நிஜமாகவே வீட்டைக் காலி செய்துகொண்டே படம் எடுக்க வேண்டும். அப்படியானால் கதை வரிசையிலேயே எடுத்தாக வேண்டும். ஒரு காட்சி சரியில்லை என்று பிறகு தெரிந்தால், சாமானைத் திரும்ப அடுக்கி ரீடேக் எடுப்பது முடியாத காரியம். என்ன செய்வது?

ஒலிப்பெட்டி:

கதை வரிசையில் எடுப்பதுதான் சரி, நடிகர்களுக்கும் நல்லது. எல்லாக் காட்சியும் ஒரே வீட்டில் என்பதால் கூடுதல் செலவும் அதிகமில்லை.

ரீடேக்குக்கு ஒரு காப்பு சொல்கிறேன். ஒவ்வோர் அறையையும் மூன்று நிலையில் பதியுங்கள்: நிறைந்து, பாதி, காலி. ஒவ்வொரு நிலையிலும் அறையின் நடுவில் ஒரு பெரிய பலூனை உடையுங்கள். ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தடவை. நடிகர் நிற்கும் இடத்தில் பலூன், கேமரா நிற்கும் இடத்தில் மைக். அந்த வெடிப்பும் அதைத் தொடரும் அடக்கமும்தான் அந்த அறையின் கைரேகை. பிறகு வேறு எங்கே வசனத்தைப் பதிந்தாலும், கன்வல்யூஷன் ரிவெர்ப் மென்பொருளில் அந்தப் பதிவைக் கொடுத்தால் அதே அறையில் பேசியதுபோல் ஆக்கிவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே போதும். பதியும் அளவை மட்டும் குறைத்து வையுங்கள், வெடிப்பு உச்சத்தில் சிதைந்தால் அந்தப் பதிவு பயன்படாது.

வெட்டும்மேசை:

இத்துடன், ஒரு சாமானை நகர்த்தும் முன் நான்கு மூலையிலிருந்தும் புகைப்படம் எடுத்துக் காட்சி எண்ணோடு சேமியுங்கள். அறையைக் காலி செய்த அன்று இரவே அந்த அறைக் காட்சிகளைத் தோராயமாக வெட்டிப் பார்த்துவிடுங்கள். விட்டுப்போன ஷாட் இருந்தால் அடுத்த அறையைத் தொடும் முன்பே தெரிந்துவிடும், சாமான் வாசலில் இருக்கும்போதே திரும்ப உள்ளே எடுத்து வைக்கலாம்.

கருந்திரை:

சாமான் ஏற்றும் வண்டியைக் கடைசி நாளுக்கு மாற்றிச் சொல்லிவிட்டேன். சாமான் எல்லாம் அதுவரை முற்றத்திலேயே இருக்கும். மழை வந்தால் மூட ஒரு தார்ப்பாயும் பட்டியலில் சேர்த்தாயிற்று.